மேல்மலை கேம்ப்புக்குக் கிளம்பும் முன்: வண்டி காட்டும் அறிகுறிகளும் சரிசெய்யும் வழியும்

ஐந்தாறு வண்டி சேர்ந்து மலைக்குக் கிளம்பினால் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் அது நின்றுவிட்டால் மற்ற எல்லாமும் நின்றாகவேண்டும், அதனால் குழுவாகப் போகும்போது உங்கள் வண்டியின் கோளாறு உங்களோடு முடிவதில்லை. நான் மனதில் வைத்து எழுதுவது கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று போகும் மேல்மலைப் பக்கம். தெரிந்த தோட்டக்காரரிடம் சொல்லிவைத்து, அவருடைய பட்டா நிலத்தில் டென்ட் போட்டு இரண்டு ராத்திரி தங்கல். (காப்புக்காட்டுக்குள் இஷ்டத்துக்கு டென்ட் அடிக்க முடியாது, அந்த யோசனையோடு வருகிறவரை முதலிலேயே கழற்றிவிடுங்கள்.) வண்டிகள் என்று பார்த்தால் இரண்டு மஹிந்திரா தார், ஒரு ஜிம்னி, ஆசைக்காக வைத்திருக்கும் ஒரு பழைய ஜிப்ஸி, சாமான் ஏற்ற ஒரு பொலிரோ. நம்மூர்க் குழுக்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றன.

கீழே சொல்கிற அறிகுறிகளில் பாதி, காலி வண்டியில் தெரியவே தெரியாது. தினமும் ஆபீஸ் போய்வரும் வண்டி நன்றாகத்தான் ஓடும். நாலு ஆள், ஐம்பது லிட்டர் தண்ணீர், டென்ட், சிலிண்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் ஏறினால்தான் ஸ்பிரிங் உட்காரும், பிரேக் திணறும், சூடு ஏறும். அதனால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் முழுச் சுமையோடு வாருங்கள். கொஞ்சம் ஹைவே, கொஞ்சம் மண் பாதை, முடிந்தால் ஒரு சின்ன மலை ஏற்றம். போன இடத்தில் டென்டைப் பிரித்துக் கட்டி, கொண்டுபோகப் போகிற அதே அடுப்பில் டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். ஏன் இரண்டு வாரம் என்றால், முந்தைய நாள் கண்டுபிடித்தால் ஜிப்ஸிக்கு சாமான் கிடைக்காது.

60–80 வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறது

இரண்டு வகை உதறல் இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் லேசாக நடுங்கி, வேகம் கூடினால் அடங்கிவிட்டால் அது வீல் பேலன்ஸ். போன தடவை சேற்றில் இறங்கிவிட்டுக் கழுவாமல் விட்டிருந்தால் ரிம்முக்கு உள்பக்கம் காய்ந்து ஒட்டியிருக்கும் மண்ணே இதைச் செய்யும், பேலன்ஸ் கடைக்குப் போகும் முன் அதைச் சுரண்டிப் பாருங்கள்.

இன்னொன்று, சின்ன மேட்டில் ஏறி இறங்கிய நொடியில் ஸ்டியரிங் இடமும் வலமுமாக வெட்டி வெட்டி அடிக்க ஆரம்பித்து, வேகத்தைக் குறைக்கும்வரை நிற்காமல் போவது. முன்பக்கம் ஒரே கட்டை ஆக்ஸில் உள்ள ஜிப்ஸி, ஜிம்னி வண்டிகளில் வருவது. இதற்கு ஒருவர் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பக்கமும் ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்துப் பார்க்கவேண்டும். டை ராட் முனைகளில் ஆட்டம் இருக்கிறதா, ஜிம்னியில் ஆக்ஸிலைக் குறுக்கே பிடித்திருக்கும் கம்பியின் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். தட் தட்டென்று ஆடினால் கிங் பின் பேரிங் அல்லது வீல் பேரிங். சில பட்டறையில் ஸ்டியரிங் டேம்பரை (உதறலை அமுக்கும் குழாய்) மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், உதறல் ஒரு மாதம் ஒளிந்திருக்கும், பிறகு திரும்பி வரும். புதிய தாரில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால் அங்கே பார்க்கவேண்டியது பால் ஜாயின்ட், ஆர்ம் புஷ், அலைன்மென்ட்.

4ஹெச் போட்டுத் திருப்பினால் வண்டி இழுத்துப் பிடிக்கிறது

கோளாறு இல்லை. 4ஹெச் என்பது நாலு சக்கரமும் இழுக்கும் நிலை, 2ஹெச் என்பது இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை. தார், ஜிம்னி, ஜிப்ஸி மூன்றிலும் நடுவில் டிஃபரன்ஷியல் (முன், பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்) கிடையாது, 4ஹெச் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். திரும்பும்போது முன் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும், கெட்டியான ரோட்டில் சறுக்கி ஈடுகட்ட வழியில்லாததால் அந்த முறுக்கு கியர்பெட்டிக்குள் ஏறுகிறது. அப்படி முறுக்கிய நிலையில் 2ஹெச்சுக்கு லிவர் வராது. நேராக வைத்து சில அடி ரிவர்ஸ் எடுங்கள், தளர்ந்துவிடும். மண்ணிலும் சேற்றிலும் மட்டும் போடுங்கள், மழையில் நனைந்த ரோடு மண் ரோடு ஆகாது.

4எல் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை) விழவில்லை என்றால் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். முழுக்க நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, கிளட்ச்சை மிதித்துப் போடுங்கள். அப்படியும் பல்லோடு பல் மோதினால் வண்டியை ஓரடி நகர்த்தி மறுபடி முயலுங்கள். மாதக்கணக்கில் தொடாத லிவர் இறுகிப்போயிருக்கும், அதற்கு மருந்து மாதம் ஒரு தடவை மண் பாதையில் போட்டு எடுப்பதுதான்.

4ஹெச் விளக்கு எரிகிறது, ஆனால் முன் சக்கரம் சுற்றவில்லையா? ஜிம்னியில் முன் ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதி) ஆக்ஸிலோடு பூட்டுவது வாக்குவம், அதன் ரப்பர் குழாய் சேற்றிலோ குச்சியிலோ மாட்டிப் பிடுங்கியிருக்கும். கையால் திருகும் ஹப் உள்ள பழைய வண்டியில் ஒரு பக்கம் மட்டும் பூட்டிவிட்டு மறுபக்கத்தை மறப்பது சகஜம்.

ஏற்றத்தில் சூடு முள் மேலே போகிறது

வத்தலக்குண்டிலிருந்து ஏற ஆரம்பித்தால் கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம், சுமையோடு இரண்டாவது கியரில் நெடுநேரம் ஏறவேண்டும். முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து, ஓரம் கிடைத்ததும் நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டபடியே ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் முகத்தில்தான் அடிக்கும்.

வீட்டிலேயே பார்க்கவேண்டியது: ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் சேறும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்பது. வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். ஹோஸ் தண்ணீரை இஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாக அடியுங்கள், பிரஷர் வாஷ் அடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். முன்னால் பெரிய பெரிய விளக்குகளைக் காற்றுக்குக் குறுக்கே வரிசையாக மாட்டியிருக்கிறவர்கள் அதையும் யோசிக்கவும். முன் கம்பித் தடுப்பு மாட்டியிருந்தால் சூட்டை விட போலீஸ் அபராதம் முதலில் வரும், 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அது கூடாது என்று சொல்லிவிட்டது.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை

இதை மட்டும் யாரும் மேலோட்டமாகப் படிக்கவேண்டாம். பிரேக் போவதில் இரண்டு விதம், கால் சொல்லிவிடும்.

பெடல் கெட்டியாக இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது, கருகல் வாடை வருகிறது என்றால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. ஆறவிட்டால் திரும்ப வரும். பெடல் பஞ்சு போல உள்ளே போகிறது, இரண்டு மூன்று தடவை அடித்தால்தான் கொஞ்சம் மேலே வருகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டிவிட்டது. இது முதலாவதை விட மோசம், ஏனென்றால் முன்னறிவிப்பு அதிகம் இல்லாமல் போகும்.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சரக்கு. டாட் 3, டாட் 4 என்பவை டப்பாவில் போட்டிருக்கும் தர எண்கள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கீழே ஊருக்குள் ஓட்டும்போது அந்தச் சூடே வராது, அதனால் ஐந்து வருட பழைய ஆயிலோடும் வண்டி நன்றாக நிற்கும். மலையில் இறங்கும்போதுதான் அது வேலையைக் காட்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், எப்போது மாற்றினோம் என்று ஞாபகம் இல்லையென்றால் இப்போதே மாற்றுங்கள். பெரிய செலவே இல்லை.

ஓட்டும் விதம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஏறிய கியரில் இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது. ஆனால் ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் டியில் (டிரைவ்) போட்டுவிட்டு பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன். மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டில் பூட்டுங்கள். மண் பாதையில் செங்குத்தான இறக்கம் வந்தால் 4எல், முதல் கியர், பிரேக்கைத் தொடாமல் இறங்கலாம். நடுவில் வாடை வந்தால் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுத்துவைக்காமல் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிவிடும், அப்புறம் ஊர் வரை பெடல் காலை உதைத்துக்கொண்டே வரும்.

டீசல் வண்டியில் டிபிஎஃப் விளக்கு எரிகிறது

ஊருக்குள்ளேயே நாலு கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் என்று ஓட்டும் பிஎஸ்6 டீசல்களுக்கு வருவது. டிபிஎஃப் என்ற புகை வடிகட்டியில் கரி சேர்ந்துவிட்டது, எரித்துத் தள்ள அதற்குச் சூடு தேவை. ஹைவேயில் நிறுத்தாமல் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஒரே சீராக ஓட்டினால் தானே சரியாகும். பொருட்படுத்தாமல் விட்டால் இஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும், மலையடிவாரத்தில் அது நடந்தால் வண்டி ஏறாது.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கரி எரியும்போது வடிகட்டிக்குள் 600 டிகிரிக்குப் பக்கமாகச் சூடு போகும். அந்த நேரத்தில் முழங்கால் உயரக் காய்ந்த புல்லில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

பஞ்சர், ஜாக்கி, காற்று

எல்லாரிடமும் ஸ்டெப்னி இருக்கிறது, அதை மாற்ற முடிகிறதா என்பதுதான் கேள்வி. சோதனை ஓட்டத்தன்று ஒவ்வொருவரும் தங்கள் வண்டியில் உள்ள ஸ்பேனரால் ஒரு நட்டையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய நட்டு அந்தக் குட்டி ஸ்பேனருக்கு அசையாது. இரண்டடி இரும்புக் குழாய் ஒன்றை ஸ்பேனர் முனையில் மாட்டினால் வேலை முடிந்தது. லிஃப்ட் பண்ணின வண்டி, பெரிய டயர் என்றால் கம்பெனி கொடுத்த ஜாக்கி உயரம் எட்டாது. எட்டினாலும் தோட்டத்து மண்ணில் ஜாக்கி உள்ளே போகுமே தவிர வண்டி மேலே வராது, ஒரு அடிச் சதுரத்துக்குத் தடிமனான பலகைத் துண்டு குழுவுக்கு இரண்டாவது இருக்கட்டும்.

மண் பாதை ஆரம்பிக்கும் இடத்தில் காற்றைக் குறைக்கிறோம். சரளைக்கும் கல் பாதைக்கும் 20 பிஎஸ்ஐ அளவு போதும். மணலாக இருந்தால் 15 வரை இறங்கலாம், அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டு விலகும். காற்றைக் குறைத்த பிறகு வேகத்தையும் குறைக்கவேண்டும், இதை யாரும் கேட்பதில்லை. பக்கவாட்டில் கிழிந்த டயருக்குப் பஞ்சர் கிட் உதவாது, அதற்கு ஸ்டெப்னிதான்.

திரும்பித் தார்ச்சாலை ஏறும் முன் காற்று அடிக்க எடுத்த கம்ப்ரசர் இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டதா? சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகியிருப்பீர்கள். அந்த ஃப்யூஸ் பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர், பெரிய டயருக்கான கம்ப்ரசர் அதை விட அதிகம் இழுக்கும். பேட்டரியிலேயே நேராக கிளிப் மாட்டும் வகையை வாங்குங்கள், இஞ்சினை ஓடவிட்டு அடியுங்கள். ஃப்யூஸ் சரியாக இருந்தும் நின்றால் மோட்டார் சூடாகித் தானே அணைந்திருக்கிறது, பத்து நிமிடம் விடுங்கள். ஐந்து வண்டிக்கு 20 டயர், ஒரே ஒரு கம்ப்ரசரை நம்பினால் அங்கேயே இருட்டிவிடும்.

சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

காலை எடுங்கள். முதல் நொடியில் எடுத்தால் கையால் தோண்டி முடிக்கலாம், இன்னும் கொஞ்சம் மிதித்துப் பார்ப்போம் என்றால் ஆக்ஸில் மண்ணில் உட்கார்ந்துவிடும். இறங்கிப் பாருங்கள், மண் எங்கே இடிக்கிறது, சக்கரத்துக்கு முன்னாலா, வயிற்றிலா? இடிக்கும் மண்ணை எடுத்து, காற்றை இன்னும் குறைத்து, டிராக் போர்டையோ தட்டைக் கல்லையோ சக்கரத்துக்குக் கீழே சாய்வாகத் திணித்து, 4எல்லில் மெதுவாக எடுத்தால் பெரும்பாலும் கயிறே தேவைப்படாது.

கயிறு தேவைப்பட்டால் எந்தக் கயிறு என்பது முக்கியம். நீளும் கைனெடிக் கயிறு, ஓடிவந்து இழுக்க. நீளாத பெல்ட், மெதுவாக இறுக்கி இழுக்க. நீளாத பெல்ட்டைக் கட்டி ஓடிவந்து வெட்டி இழுத்தால் ஏதோ ஒன்று பிய்ந்து பறக்கும். எங்கே மாட்டுவது என்பது அதை விட முக்கியம். டிரெய்லர் இழுக்கும் உருண்டைக் குமிழில் மாட்டவே மாட்டாதீர்கள், அது பிய்ந்து கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வந்து ஆளைக் கொன்ற விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. வண்டியை லாரியில் ஏற்றும்போது கட்டுவதற்கென்று வைத்திருக்கும் மெல்லிய வளையமும் இதற்கு ஆகாது. சேஸிஸில் போல்ட் போட்டு முடுக்கிய கொக்கி எது என்று ஒவ்வொரு வண்டியிலும் முன்னும் பின்னும் கண்டுபிடித்து, சோதனை ஓட்டத்தன்றே எல்லாருக்கும் காட்டிவிடுங்கள். சேற்றில் புதைந்த பிறகு அது கண்ணுக்குத் தெரியாது.

எடைப் பொருத்தமும் பாருங்கள். ஜிம்னி 1,200 கிலோவை ஒட்டிய வண்டி, தார் அதை விட நன்றாகவே கனம். சேற்றில் மாட்டிய தாரை ஜிம்னி இழுக்கப்போனால் சில சமயம் இரண்டுமே மாட்டும், அதனால் வரிசையில் லேசான வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ கனமான ஒன்று இருக்கட்டும். கயிற்றைக் கொக்கியில் மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிளில், முக்கால் அங்குலம் என்றால் 4.75 டன் என்று அடித்திருக்கும். எழுத்தே இல்லாத ஷேக்கிளை ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கவேண்டாம். கயிற்றின் நடுவில் ஒரு கனமான போர்வையோ பையோ போடுங்கள், அறுந்தால் பறக்காது. ஓட்டுகிற இருவரைத் தவிர மற்றவர்கள் கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும். வீடியோ எடுக்கிறவர்தான் எப்போதும் கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நிற்பார், அவரை முதலில் விரட்டுங்கள்.

வின்ச் (வண்டியிலேயே மாட்டிய, கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) மோட்டார் உறுமுகிறது, கயிறு சுற்றவில்லை என்றால் டிரம்மை விடுவிக்கும் கைப்பிடி இன்னும் திறந்தே இருக்கிறது. உறுமலே இல்லாமல் டிக்கென்று மட்டும் சத்தம் வந்தால் பேட்டரி இறங்கியிருக்கும் அல்லது சொலினாய்டு போயிருக்கும்.

ஓடையில் இறங்கி நின்றுவிட்டது

சாவியைத் திருப்பாதீர்கள். உள்ளே தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராட் வளையும், சின்ன வேலை இஞ்சின் வேலையாகிவிடும். இழுத்துக் கரையேற்றி ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். காய்ந்திருந்தால் மின்சார இணைப்பு எதுவோ நனைந்திருக்கிறது, துடைத்துவிட்டு எடுக்கலாம். ஃபில்டர் நனைந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றி தண்ணீரை வெளியேற்றவேண்டும், டீசல் என்றால் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குத்தான்.

தாருக்கு 650 மில்லிமீட்டர் தண்ணீர் தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. அது நிற்கும் தண்ணீருக்கு. ஓடும் தண்ணீரில் இறங்கும் முன் ஒருவர் குச்சியோடு நடந்து பார்க்கட்டும், ஆளால் நடக்க முடியாத இடத்தில் வண்டியை விடவேண்டாம்.

காலையில் டிக் டிக் மட்டும் கேட்கிறது

ராத்திரி பாட்டு, விளக்கு, ஃபிரிட்ஜ், பத்து போன் சார்ஜ். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஓடும்போது நாலு ஆம்பியர் அளவு இழுக்கும், ராத்திரி முழுக்க என்றால் ஏற்கெனவே வயதான பேட்டரிக்கு அது போதும், குளிரும் சேர்ந்துகொள்ளும். கிளம்பும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: சில மணி நேரம் சும்மா நின்ற வண்டியில் 12.6 இருந்தால் முழுசு, 12.2 என்றால் பாதி. இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்கவேண்டும், 13க்குக் கீழே இருந்தால் ஆல்டர்னேட்டரைப் பார்க்கவேண்டும். ஃபிரிட்ஜில் பேட்டரிக் காப்பு என்று ஒரு செட்டிங் இருக்கும், அதை உயர்ந்த நிலையில் வையுங்கள். இன்னொரு எளிய வழி, மின்சாரம் எடுக்கும் வண்டி ஒன்றே ஒன்று என்று வைத்து, மற்ற வண்டிகளைத் தொடாமல் இருப்பது.

இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது சிவப்பு சிவப்புக்கு. கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையைச் செத்த வண்டியின் இஞ்சின் இரும்பில் மாட்டுங்கள், பேட்டரிக்குப் பக்கத்தில் பொறி வேண்டாம்.

டென்டுக்குள் ஈரம், முதுகில் குளிர்

மழையே பெய்யாமல் காலையில் டென்டின் உள்பக்கம் நனைந்திருந்தால் ஓட்டை இல்லை, அது உங்கள் மூச்சு. குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடியிருப்பீர்கள். மேல் துவாரத்தைத் திறந்துவிட்டுப் படுங்கள். தரையிலிருந்து ஈரம் வந்தால் கீழே விரித்த தார்ப்பாய் டென்டை விடப் பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, மேலே விழும் பனித் தண்ணீரை அதுவே ஏந்தி உள்ளே அனுப்பும். ஓரத்தை மடித்து உள்ளே தள்ளுங்கள்.

நல்ல ஸ்லீப்பிங் பேக் வாங்கியும் முதுகு விறைக்கிறது என்றால் தப்பு பேக்கில் இல்லை. உடம்பு நசுக்கிய பஞ்சு குளிரைத் தடுக்காது. கீழே ஃபோம் பாய் வேண்டும். வெறும் காற்றடித்த மெத்தை ஜனவரியில் மேல்மலையில் உதவாது, ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும் குளிர் அது.

அடுப்பு மங்குகிறது, சோறு வேகவில்லை

குட்டி கேன் அடுப்பில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன், அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஆவியாவதையே நிறுத்திவிடும். வாயு வெளியேற வெளியேற கேன் தானே குளிர்வதால், வெளியே 7, 8 டிகிரி இருக்கும்போதே சுடர் சுருங்கும். கேனை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள தட்டில் நிறுத்துங்கள், தீயில் காட்டாதீர்கள். காற்றைத் தடுக்கிறேன் என்று கேனையும் சேர்த்துத் தகரத்தால் மூடினால் அது வெடிக்கும். குழுவாகப் போனால் 5 கிலோ சிலிண்டரும் ஒரு பர்னரும்தான் சரி. மழையானாலும் டென்டுக்குள் அடுப்பு வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி நேரமாகும், பருப்பு ரொம்ப நேரமாகும். குக்கர் எடுத்துப் போங்கள். பூம்பாறையில் மலைப்பூண்டு வாங்கிக்கொண்டால் ராத்திரி ரசத்துக்கு வேறெதுவும் வேண்டாம்.

கேம்ப் ஃபயர் கேட்பார்கள். தோட்டக்காரர் சம்மதித்தால், தரையில் இல்லாமல் கால் வைத்த இரும்புத் தட்டில், பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீரோடு. பிப்ரவரி முதல் மே வரை அதுவும் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த அதே மலைத்தொடர்ப் பகுதி, அதே காய்ந்த பருவம்.

பின்னால் வந்த இரண்டு வண்டியைக் காணோம்

வாக்கி டாக்கியில் ஒருவருக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் சேனல் சரியாக இருந்தும் அதற்குள் போட்டிருக்கும் டோன் (அதே டோன் உள்ள செட்டை மட்டும் கேட்கவிடும் செட்டிங்) வேறாக இருக்கும், எல்லாவற்றிலும் டோனை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் இரும்புக் கூட்டுக்குள் இருப்பதை விட நன்றாகக் கேட்கும். எந்த அலைவரிசையை வேண்டுமானாலும் தட்டிப் போடும் சீன செட்டுக்கு உரிமம் தேவை, உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அனுமதி பெற்றதையே வாங்குங்கள்.

கருவி எதுவும் இல்லாமல் வேலை செய்யும் ஒரு வழி இருக்கிறது. பாதை பிரியும் இடம் வந்தால், பின்னால் வருகிற வண்டியின் விளக்கு கண்ணாடியில் தெரியும்வரை நீங்கள் அங்கேயே நிற்கவேண்டும். முன்னால் போகிறவரைத் துரத்தவேண்டாம், அவருக்கு அவர் பின்னால் இருப்பவர் பொறுப்பு. பாதை தெரிந்தவர் முதலில், பட்டறை வேலை தெரிந்தவரும் டூல்ஸ் பெட்டியும் கடைசி வண்டியில். எல்லாரும் கொடைக்கானல் டவுனிலேயே டேங்கை நிரப்பட்டும். 4எல்லில் ஊர்ந்தால் வண்டி வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு குடிக்கும்.

செக்போஸ்டில் ஒரு வண்டியை மட்டும் நிறுத்திவிட்டார்கள்

இ-பாஸ். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வேண்டும், ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக, அதன் நம்பரோடு. குழுத் தலைவர் எடுத்தது மற்றவருக்கு ஆகாது. கடைசி நேரத்தில் வண்டியை மாற்றிக்கொண்டு வந்தவர்தான் மாட்டுவார். தண்ணீரைச் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களில் கொண்டுபோகாமல் கேனில் எடுத்துப் போங்கள்.

ஊர் திரும்பிய பிறகு சத்தம்

சேற்றில் இறங்கிய வண்டியில் பிரேக் டிரம்முக்குள் மணல் இருக்கும், கர் கர்ரென்று தேய்க்கும், ஒரு வாரத்துக்குள் திறந்து கழுவச் சொல்லுங்கள். ஓடை தாண்டிய வண்டியில் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள், பால் காப்பி நிறத்தில் இருந்தால் பிரீதர் (காற்றுப் போக விட்டிருக்கும் துவாரம்) வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது, ஆயிலை மாற்றவேண்டும், பிரீதரையும் சுத்தம் செய்யவேண்டும். சக்கரம் கழற்றி மாட்டிய வண்டி என்றால் நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். டென்டை எப்படியும் ஈரத்தோடுதான் மடித்திருப்பீர்கள், அன்றைக்கே மொட்டை மாடியில் பிரித்துப் போடுங்கள். ஒரு வாரம் பைக்குள் இருந்தால் பூஞ்சை பிடித்த துணியிலிருந்து அந்த வாடை போகவே போகாது.